பசித்தவரின் குணம்

அட்டப்பாடி மலைவாசிகளைப் பற்றி மன்னார்க்காட்டிலோ கோவையிலோ பேச்சுக் கொடுத்தால் நாலைந்து புகார்கள் திரும்பத் திரும்ப வந்து விழும். வேலைக்குக் கூப்பிட்டால் சுணங்குவார்கள். முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். சும்மா இருக்கும்போதே கோபம் வரும். அரசாங்கம் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் குறைதான் சொல்வார்கள். தெற்கே இடுக்கி மலையில், தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றியும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். கண்ணால் கண்டதைச் சொல்கிறோம் என்றே நம்புகிறார்கள்.

இந்தக் குணங்கள் எல்லாம் வேறோர் ஊரிலும் எழுதிவைக்கப்பட்டுள்ளன. 1945-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில். எழுதியவர்கள் மருத்துவ ஆய்வாளர்கள். எழுதப்பட்டவர்கள் 36 வெள்ளைக்கார இளைஞர்கள். எல்லாரும் உடல்நலமும் மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், பெரும்பாலும் கல்லூரி கண்டவர்கள். கொல்வதற்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிப் போர்க்களத்துக்குப் போக மறுத்து, அதற்கு ஈடாக வேறு தொண்டு செய்ய முன்வந்தவர்கள் அவர்கள்.

ஐரோப்பா அப்போது பட்டினியில் கிடந்தது. போர் முடிந்ததும் அந்த மக்களுக்கு எப்படிச் சோறு போட்டு உடலைத் தேற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், மனிதரைத் திட்டமிட்டுப் பட்டினி போட்டு, பிறகு தேற்றிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்றார். முதல் 12 வாரங்கள் வயிறாரச் சாப்பாடு. அடுத்த 24 வாரங்கள் அதில் ஏறக்குறைய பாதி. உருளைக்கிழங்கு, டர்னிப் போன்ற கிழங்குகள், கறுப்பு ரொட்டி, மக்ரோனி என்று போர்க்கால ஐரோப்பியர் தின்றதே அவர்களுக்கும். வாரம் 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். உடல் எடையில் கால்வாசியை இழக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்குப் பின் 12 வாரங்கள் தேற்றும் காலம்.

சில மாதங்களில் அவர்களுடைய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 35 அளவுக்கு இறங்கியது. சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ஜூலை வெயிலில் கம்பளி கேட்டார்கள். மாடிப்படி ஏறுவதைத் தள்ளிப்போட்டார்கள். சிரிப்பு நின்றது. காதலியைச் சந்திக்கப் போனவர்கள் போவதை விட்டார்கள். அரசியலும் மதமும் பேசி விடியும்வரை வாதாடியவர்கள் தனித்தனி மூலையில் உட்கார்ந்தார்கள். பேச்சு என்று வந்தால் சாப்பாட்டுப் பேச்சு. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்து வாசித்தார்கள். தட்டில் விழுந்த கொஞ்ச உணவை நீர் விட்டுப் பெருக்கி, மணிக்கணக்காக அளைந்து தின்று, பிறகு தட்டை நக்கினார்கள். பக்கத்தில் இருப்பவர் மெல்லும் சத்தமே எரிச்சல் மூட்டியது. தனக்குக் குறைவாகவும் அடுத்தவனுக்குக் கூடுதலாகவும் விழுந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டார்கள்.

இரண்டொருவர் அதற்கும் அப்பால் போனார்கள். ஒருவர் குப்பையில் உணவு தேடினார். கடையில் மிட்டாயும் பச்சைக் கிழங்கும் திருடித் தின்றதும் நடந்தது. மனசாட்சிக்காகச் சிறைக்கும் அவமானத்துக்கும் தயாராக இருந்த மனிதர்கள் இவர்கள் என்பதை மறுபடி நினைவில் கொள்ளச் சொல்வேன். வறுமையில் வளர்ந்தவர்கள் என்றோ, பழக்கம் அப்படி என்றோ, சாதி அப்படி என்றோ அவர்களைப் பற்றிச் சொல்ல யாருக்கும் வழி இல்லை. ஆறு மாதப் பாதிப் பட்டினி அவர்களுக்கு அந்தக் குணத்தைக் கொடுத்தது.

அந்த ஆய்வில் என்னை அதிகம் உலுக்கிய பகுதி தேற்றும் காலம்தான். சாப்பாடு கூடியதும் மனம் தேறிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். தேறவில்லை. பலருக்குக் கோபம் அப்போதுதான் உச்சத்துக்குப் போனது. ஆய்வாளர்களோடு சண்டை பிடித்தார்கள், முடிவுகளைத் தங்களைக் கேட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். ஒருவர் விறகு வெட்டும்போது கோடரியால் தன் கையில் மூன்று விரல்களை வெட்டிக்கொண்டார். வேண்டுமென்றே செய்தேனா, கை தவறியதா என்று தனக்கே தெரியவில்லை என்றார். வயிறு முட்டத் தின்றும் பசிக்கிறது என்ற புகார் மாதக்கணக்கில் நீடித்தது. 1950-ல் கீஸ் குழு இதையெல்லாம் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டது. நிவாரணம் கொடுத்த மறுமாதமே நன்றியை எதிர்பார்க்கும் எந்த அதிகாரியும் அந்தத் தேற்றுகாலத்துப் பக்கங்களைப் படித்தால் போதும்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்பது கீஸ் ஆய்வு செய்த நாளில் தெரியாது. இப்போது ஓரளவு தெரியும். உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. வரவு குறைந்தால் மூளை முதலில் மற்றச் செலவுகளை வெட்டுகிறது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்ற இயக்குநீரை 1994-ல் கண்டுபிடித்தார்கள். கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது அது. கொழுப்பு கரைந்து லெப்டின் இறங்கியதும் தைராய்டு மந்தமாகிறது, உடற்சூடு தணிகிறது, இனப்பெருக்க இயக்குநீர்கள் அடங்குகின்றன. வெளியில் இருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சோம்பலாகத் தெரிவது உள்ளே நடக்கும் சிக்கனம்.

வயிற்றில் சுரக்கும் கிரெலின் 1999-ல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. அது இரத்தம் வழியே மூளையடியில் உள்ள ஹைப்போதாலமஸுக்குப் போய் ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தை எழுப்புகிறது. எலிகளில் அந்த நரம்பணுக்களைத் தூண்டிப் பார்த்திருக்கிறார்கள். அவை விழித்திருக்கும்வரை எலிக்கு இன்னோர் எலியின் துணை முக்கியமாக இல்லை. ஆபத்து உள்ள இடம் என்று தெரிந்தும் உணவு இருந்தால் நுழைகிறது. அச்சம், நட்பு, தாகம் எல்லாம் பின்னுக்குப் போகின்றன. கூடவே இரத்தச் சர்க்கரை இறங்கும்போது உடல் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் அவிழ்த்துவிடுகிறது. சண்டைக்கு நிற்கும்போது சுரப்பவையும் இவைதான். அப்படி ஒரு உடலுக்குள் இருந்துகொண்டு ஒருவர் பொறுமையாகப் பேச வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

மின்னசோட்டா இளைஞர்களுக்கு ஒரு பெரிய ஆறுதல் இருந்தது. பட்டினி எந்தத் தேதியில் முடியும் என்று தெரியும். தாயும் தம்பி தங்கைகளும் வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்றும் தெரியும். அட்டப்பாடியிலோ இடுக்கியின் பீர்மேட்டிலோ அந்த இரண்டும் கிடையாது.

கோவையிலிருந்து ஆனைகட்டி ஏறி, சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று ஊராட்சிகள். பவானியும் சிறுவாணியும் ஓடும் நிலம், ஆனால் கிழக்குப் பாதி மழை மறைவுப் பகுதி. இருளர், முடுகர், குறும்பர் என மூன்று பழங்குடிகள். அவர்களுடைய குடியிருப்புகளை ஊர் என்கிறார்கள். இருளர் ஊரில் மூப்பன் தலைவர், பண்டாரி பொதுக் கையிருப்பைக் காப்பவர், குறுதலை ஆட்களைத் திரட்டுபவர், மண்ணூக்காரன் விதைப்பைத் தொடங்கிவைப்பவர். நான்கு பொறுப்புகளில் ஒன்று களஞ்சியத்துக்கு, இன்னொன்று மண்ணுக்கு. சோற்றை மையமாக வைத்தே அந்தச் சமூகம் தன்னைக் கட்டிக்கொண்டது. மலைச்சரிவைக் கொத்திக் கேழ்வரகு, சாமை, தினை, துவரை, அவரை எல்லாம் ஒரே காட்டில் கலந்து விதைப்பார்கள். ஒன்று பொய்த்தால் ஒன்று கைகொடுக்கும். அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடி மக்களில் சுமார் 90 சதவீதம் பழங்குடியினர். அடுத்த சில பத்தாண்டுகளில் சமவெளியிலிருந்து, தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் கேரளப் பக்கமிருந்தும், குடியேறியவர்கள் பெருகி அவர்களைச் சிறுபான்மை ஆக்கினார்கள். நிலம் கைமாறியது. சிலது கடனுக்கு, சிலது வெற்றுத்தாளில் வைத்த கைரேகைக்கு. பறிபோன நிலத்தை மீட்டுத் தர கேரளம் 1975-ல் சட்டம் இயற்றியது. கால் நூற்றாண்டு அதை ஒழுங்காக அமல்படுத்தாமலேயே கடத்தி, 1999-ல் வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்து பழையதை ஒதுக்கியது. அட்டப்பாடியின் பசி தொடங்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். மழையும் அறியாமையும் பிறகுதான்.

காடு போன இடத்துக்கு ரேஷன் அரிசி வந்தது. அரிசி உயிரைப் பிடித்துவைத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். இரும்பிலும் அதே போலப் பெரிய இறக்கம். களியும் துவரையும் காட்டுக்கீரையும் இருந்த தட்டில் வெள்ளைச் சோறும் புளித்தண்ணிக் குழம்பும் உட்கார்ந்தன. வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும். இரத்தம் வெளுக்கும். அரிவாளணுச் சோகை என்ற பரம்பரை நோயும் இந்தச் சமூகங்களில் இருப்பதால், இரும்பு மாத்திரை கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை.

2013-ல் அட்டப்பாடியில் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. குறைமாதப் பிறப்பு, குறைந்த எடை, தாய்க்குக் கடும் சோகை என்று மருத்துவக் குறிப்புகள் சொல்லின. மனித வளர்ச்சிக் குறியீடுகளில் நாட்டுக்கே முன்னால் நிற்கும் மாநிலத்தில் அது நடந்தது. குழந்தை இறந்ததைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். இறக்காமல் பிழைத்த குழந்தையின் மனத்துக்கு என்ன ஆகும் என்று குறைவாகவே எழுதப்பட்டது.

மூளை டோபமைன் தயாரிக்கும் வழியில் ஒரு நொதிக்கு இரும்பு இல்லாமல் வேலை ஓடாது. ஒரு காரியத்தில் ஆசை வருவதும், புதியதைத் தொட்டுப் பார்க்கத் துணிவதும் டோபமைனைச் சார்ந்தவை. பெட்சி லோசாஃப் என்ற குழந்தைநல ஆய்வாளர் கோஸ்ட்டாரிக்காவில் சோகை உள்ள கைக்குழந்தைகளை உட்கார்ந்து கவனித்தார். அவை தாயை விட்டு நகரவில்லை. பொம்மையை நீட்டினால் எடுக்கத் தயங்கின. புதிய முகம் கண்டால் ஒடுங்கின. குறைவாக விளையாடின. குழந்தை விளையாடாவிட்டால் பெரியவர்களும் அதோடு விளையாடுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிறகு பள்ளிக்குப் போனதும் ஆசிரியர் கேள்வி கேட்கிறார், பிள்ளை குனிந்து நிற்கிறது. மலைப்பிள்ளைகள் கூச்ச சுபாவம் என்று சொல்லி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறோம். சுபாவம் என்று நாம் பெயர் வைத்ததில் எவ்வளவு பங்கு இரும்புக் குறைவு என்று யார் அளந்தார்கள்?

இடுக்கிப் பக்கத்துக் கதை வேறு வழியில் வந்து அதே அடுப்படியில் சேர்கிறது. பீர்மேடு, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை வட்டாரத் தேயிலைத் தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்கள் நான்கைந்து தலைமுறையாகக் கொழுந்து கிள்ளுகின்றன. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது பல தோட்டங்களை முதலாளிகள் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். அப்போதைய தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடும் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் கம்பெனி பொறுப்பாக இருந்தன. ஆகவே கம்பெனி போனதும் கூலியோடு அவையும் போயின. குழாயில் தண்ணீர் நின்றது, விளக்கு அணைந்தது. பட்டினிச் சாவுச் செய்திகள் வந்தன. கீழே வண்டிப்பெரியாற்றுக் கடைவீதியில் அரிசி மூட்டை குறையவில்லை. பஞ்சம் என்பது உணவு இல்லாத நிலை என்பதைவிட, இருக்கும் உணவை எடுக்கும் உரிமை சிலருக்கு அற்றுப்போகும் நிலை என்று அமர்த்தியா சென் 1981-ல் எழுதியது பீர்மேட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

மூடிய தோட்டத்து லயத்தில் ஒரு சாயங்காலத்தைப் பாருங்கள். ஒரு முன்னறை, ஒரு அடுக்களை, தகரக் கூரை, இடையே நெஞ்சளவுச் சுவர் என்றே சொல்லலாம், ஒரு வீட்டில் தாளிப்பது அடுத்த வீட்டில் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காத நாளையும் பக்கத்து வீடு கவனிக்கும். முதல் முறை, “அக்கா, ஒரு படி அரிசி குடுங்க, சம்பளம் வந்ததும் தாறேன்” என்று கேட்க முடியும். இரண்டாம் முறையும் கேட்கலாம். அதன்பின் அக்கா வீட்டு அரிசிப்பானையும் காலி என்று தெரியும், கேட்பவள் வாசலில் தலைகாட்டுவதை நிறுத்திக்கொள்வாள். அடுப்பில் வெறும் தண்ணீரையாவது கொதிக்கவிட்டுப் புகை எழுப்புவாள். பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் போட்டுவிட்டு, “நான் அப்பவே தின்னுட்டேன், நீ தின்னு” என்பாள். கலியாண வீட்டுக்குப் போகமாட்டாள், மொய் எழுதக் கையில் காசு இல்லை. கோயில் கொடைக்கு வரி கொடுக்க முடியாத குடும்பம் திருவிழா அன்று கதவைச் சாத்திக்கொள்ளும். உறவுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக அறுகின்றன. எந்த ரேஷன் பதிவேட்டிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

கடைசியாகச் சாப்பிடும் பெண்ணுக்கு இரட்டைச் சுமை. தட்டில் குறைவதும் அவளுக்கு, நாளைக்கு என்ன செய்வது என்ற கணக்கும் அவளுக்கு. உணவுக்கு உத்தரவாதம் இல்லாத வீடுகளில் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல் என்பதை உலகம் முழுக்க ஆய்வுகள் காட்டுகின்றன. 2017-ல் 149 நாடுகளின் தரவை வைத்து வந்த ஆய்வு ஒன்று, ஏழை நாடோ பணக்கார நாடோ, உணவு நிச்சயமின்மை ஏற ஏற மனநலம் இறங்குவதைக் கண்டது. பற்றாக்குறை சிந்தனையையும் இறுக்குகிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. கரும்புப் பணம் வருவதற்கு முன்பும் வந்த பின்பும் அதே ஆட்களுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். முன்பு மதிப்பெண் குறைவு, பின்பு கூடுதல். ஆள் மாறவில்லை, கையிருப்புதான் மாறியது. அந்த விவசாயிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பின்பு என்று ஒரு காலம் வருகிறது. மூடிய தோட்டத்தில் அது வரவே இல்லை.

பீர்மேட்டுத் தோட்டத்திலேயே வளர்ந்து மானிடவியலாளரான ஜெயசீலன் ராஜ், அந்த நெருக்கடியைத் தம் மக்களிடையே தங்கி ஆராய்ந்து 2022-ல் புத்தகமாக எழுதினார். வேலை தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் கேரளத்துச் சமவெளிக்கும் போன பிள்ளைகள், தோட்டத்துக்குள் அவ்வளவாக உறைக்காத சாதி இழிவையும் தமிழன் என்ற ஒதுக்கலையும் வெளியே சந்தித்ததை அவர் காட்டுகிறார். பசி விரட்ட, போன இடத்தில் அவமானம். இரண்டும் ஒரே உடலில்தான் ஏறுகின்றன.

எல்லையில் வாழ்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியுமுன்பே ஜீப்புகளில் நெருங்கி உட்கார்ந்து ஏலக்காட்டு வேலைக்கு மலையேறும் பெண்களுக்குக் கூலி கேரளத்தில், ரேஷன் அட்டை தமிழ்நாட்டில். 2020-ல் கொரோனாவுக்காகக் குமுளியையும் கம்பம்மெட்டையும் போடிமெட்டையும் அடைத்தபோது ஒரே நாளில் கூலி நின்றது. இடுக்கியின் உட்காட்டில் முதுவர் வாழும் இடமலைக்குடி, 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆனது. ஆன பிறகும் நெடுங்காலம் அரிசி தலைச்சுமையாகத்தான் உள்ளே போனது.

ஆனாலும் பசி எல்லாரையும் ஒடுக்கிப்போட்டது என்று எழுதினால் அது பொய். 2015 செப்டம்பரில் மூணாற்றில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். நாளெல்லாம் கொழுந்து எடுத்தால் 232 ரூபாய் கிடைத்த காலம். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கை நிறைவேறியது, அடுத்த மாதம் தினக்கூலி 301 ஆனது. அட்டப்பாடியில் தாய்க்குல சங்கத்துப் பெண்கள் சாராயத்துக்கு எதிராகப் பல ஆண்டுகள் நின்றார்கள். 1995-லிருந்து அட்டப்பாடியில் மதுவிலக்கு இருந்தும் எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கடையிலிருந்து வந்த பாட்டில் கூலியைத் தின்றது என்பது அவர்கள் வழக்கு. இந்தப் பெண்கள் தனித்தனியாக அடுக்களையில் இருந்தபோது நாம் கண்ட மௌனத்துக்கும் தெருவில் கூடியபோது கேட்ட குரலுக்கும் நடுவே உணவு மாறிவிடவில்லை. தனிமை மட்டும் உடைந்தது. பசி மனத்துக்குச் செய்யும் கேட்டில் பெரும்பங்கு தனிமையின் வழியாகத்தான் வருகிறது என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

அட்டப்பாடியில் வாழ்ந்த மது என்ற குறும்பர் இளைஞனைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. மனநலம் குன்றி, வீட்டை விட்டுக் காட்டுக் குகைகளில் தனியே வாழ்ந்தவர். 2018 பிப்ரவரி 22 அன்று, கடைகளில் அரிசியும் மளிகையும் திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டம் காட்டுக்குள் போய் அவரைப் பிடித்தது. கைகளைக் கட்டி, அடித்து, முக்காலி என்ற ஊருக்கு நடத்திவந்தார்கள். கட்டப்பட்ட மனிதரோடு நின்று ஒருவர் செல்ஃபி எடுத்தார். போலீஸ் ஜீப்பில் போகும் வழியில் மது இறந்தார். வழக்கில் இருபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். தாயும் சகோதரியும் விடாமல் நின்றார்கள். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது, அவர்களில் 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல்.

அந்தப் படத்தை நாடு முழுக்கப் பார்த்தோம். ஒட்டிய கன்னம், உள்வாங்கிய கண், எதிர்ப்பே காட்டாத முகம். மின்னசோட்டாவில் எடுத்த படங்களிலும் அந்த முகம் உண்டு. அங்கே கிழங்கைத் திருடியதை ஆய்வாளர்கள் பட்டினியின் விளைவு என்று பதிந்தார்கள். முக்காலியில் திருடன் என்றார்கள். ஒரே நடத்தைக்கு இரண்டு பெயர். எந்தப் பெயர் கிடைக்கும் என்பதைத் தீர்மானித்தது நடத்தை இல்லை, நடந்துகொண்டவர் யார் என்பதே. பசித்தவரைப் பற்றி நாம் புழங்கும் சொற்கள் ஆபத்தானவை என்று நான் பதறுவது இதனால்தான்.

2013-க்குப் பின் அட்டப்பாடி ஊர்களில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்பின் மூலம் சமூக அடுக்களைகள் வந்தன. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அந்தந்த ஊர்ப் பெண்களே சமைத்துப் போடுகிறார்கள். 2017-ல் சிறுதானியக் கிராமத் திட்டம் தொடங்கி, தரிசாகக் கிடந்த சரிவுகளில் கேழ்வரகும் சாமையும் மீண்டும் விதைத்தார்கள். இரண்டும் எல்லா ஊரிலும் ஒரே சீராக ஓடவில்லை. ஆனால் பொட்டலத்தில் கொடுக்கும் சத்துமாவைவிட இந்த இரண்டிலும் எனக்கு நம்பிக்கை அதிகம். ஒன்றில் கூடி உட்கார்ந்து உண்கிறார்கள். மற்றதில் மண்ணூக்காரனுக்கு மறுபடி வேலை வருகிறது.

சோறு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு ஜமைக்காவில் ஒரு பதில் இருக்கிறது. 1986-87-ல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 கைக்குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்கிரெகர் குழு நான்காகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குக் கூடுதல் பாலுணவு. ஒரு பிரிவுக்கு, வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணிப்பெண் வீட்டுக்கு வந்து, கையால் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடலாம் என்று தாயோடு சேர்ந்து செய்து காட்டுவாள். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். மனச்சோர்வும் வன்முறையில் இறங்குவதும் குறைவு. உணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்டகாலப் பலன் தென்படவில்லை. உணவு வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பசியால் அறுந்த உறவையும் யாராவது வந்து முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

2025 நவம்பர் 1 அன்று கேரள அரசு, மாநிலத்தில் அதிதீவிர வறுமை ஒழிந்தது என்று அறிவித்தது. உணவு, உடல்நலம், வருமானம், வீடு ஆகிய நான்கையும் அளவுகோலாக வைத்து 64,006 குடும்பங்களைக் கண்டறிந்து ஒவ்வொன்றுக்கும் தனித்திட்டம் போட்டதாகச் சொன்னது. வீடு வீடாகப் போய்த் தேடியது பாராட்ட வேண்டிய வேலை. மலையில் உள்ள பழங்குடி அமைப்புகள் அந்த அறிவிப்பை ஏற்கவில்லை. இந்த வழக்கு எண்ணிக்கையால் தீராது என்று நினைக்கிறேன். எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, நாடுகளின் பசியை அளக்க எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதே அல்ல. கடந்த ஓராண்டில், காசில்லாமல் உணவுக்கு முட்டுப்பாடு வந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்று கேட்கிறது. பிறகு சத்தான உணவு, பலவகை உணவு, ஒரு வேளையை விட்டது, குறைத்துத் தின்றது, வீட்டில் தீர்ந்துபோனது, பசித்தும் சாப்பிடாதது என்று இறங்கி, எட்டாவதாக ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தீர்களா என்று வருகிறது. நம் அரசுகள் வழக்கமாக விழித்துக்கொள்வது எட்டாவதில். அட்டப்பாடி ஊர்களில் அங்கன்வாடிப் பணியாளரும் ஆஷா சுகாதாரப் பணியாளரும் பழங்குடி புரமோட்டரும் மாதந்தோறும் கதவைத் தட்டுகிறார்கள், குழந்தையை எடை போடுகிறார்கள், கையின் சுற்றளவை அளக்கிறார்கள். அதே ஊர்ப் பெண் ஒருத்தி, இருளர் பேச்சிலேயே, திண்ணையில் உட்கார்ந்து அந்த முதல் கேள்வியையும் கேட்கலாம். ஆமாம் என்றால் அந்த வாரமே அடுக்களையில் ஒரு பங்கு, நிலுவையில் கிடக்கும் வேலையுறுதிக் கூலி, தாய்க்குத் துணையாக ஒருத்தி, குழந்தைக்கு இரண்டு மரப்பொம்மை என்று வர வேண்டும். எட்டாவது கேள்விக்கு ஆமாம் என்ற பதில் வரும்வரை காத்திருந்தால், அந்த வீட்டுக் கைக்குழந்தை இரண்டு வயதைத் தாண்டியிருக்கும்.